புயலுக்குப் பிறகு ஒரு பத்திரமான இடம்



சென்ற வாரம் எங்கள் மையத்தில் கரும்பலகையில் 'மழைக்காலம்' என்று எழுதினேன். எல்லோரும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ஒரு பெரியம்மா மட்டும் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன பெரியம்மா?" என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை கண்ணு. வெள்ளத்தின்போது முகாமில் இருந்தது ஞாபகம் வந்தது."

"சாப்பாடு கிடைக்கவில்லையா?"

"சாப்பாடு கொடுத்தார்கள். நான்தான் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீரும் வாயை நனைத்துக்கொண்டதோடு சரி. குடித்தால் வெளியே போக வேண்டுமே! ஒரே இருட்டு. பெண்களுக்கென்று ஒரு மறைவு இல்லை. வயசுக்கு வந்த பேத்தி வேறு கூட இருந்தாள். ராத்திரி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்."

மையம் அமைதியானது. பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க இடமில்லாமல் தவித்ததைச் சொன்னார். இன்னொருவர் துணி மாற்ற முடியாமல் ஈரச் சேலையோடு இருந்ததைச் சொன்னார்.

வெள்ளத்திலிருந்து தப்பினால் உயிர் பிழைக்கும். ஆனால் தப்பி வந்த இடத்திலும் பயம் இருந்தால்? அன்று இதைப் பற்றித்தான் பேசினோம். அதையே இங்கே பாடமாக எழுதியிருக்கிறேன்.

ஒடிசா கற்ற பாடம்

நம் நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஒடிசா மாநிலம் இருக்கிறது. முன்பு அதை ஒரிசா என்று சொல்வார்கள்.

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி அங்கே ஒரு பெரும் புயல் வந்தது. பாரதீப் துறைமுகத்துக்கு அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல் வேகமாக வீசியது. கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தில் எரசமா பகுதிதான் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. அரசுக் கணக்குப்படி ஏறக்குறைய 10 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

புயல் ஓய்ந்தது. ஆனால் பலருடைய துன்பம் ஓயவில்லை. கணவனை இழந்த பெண்கள் இருந்தார்கள். தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். வீடு இல்லை. கதவு இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் கெட்ட எண்ணம் கொண்டவர்களும் வருவார்கள். "நான் இந்தப் பிள்ளைக்கு மாமா" என்பார்கள். "உன் பெண்ணுக்குப் பட்டணத்தில் வேலை வாங்கித் தருகிறேன்" என்பார்கள். பசியில் இருப்பவர்கள் நம்பிவிடுவார்கள். போன பிள்ளை எங்கே போனது என்றே தெரியாமல் போய்விடும்.

அதனால் ஒடிசாவில் 'மமதா கிருகம்' என்ற இல்லங்களை அமைத்தார்கள். மமதா என்றால் பாசம். கிருகம் என்றால் வீடு. பாச வீடு என்று நாம் சொல்லலாம். ஆதரவற்றுப் போன பெண்களும் குழந்தைகளும் அங்கே சேர்ந்து தங்கினார்கள். தொண்டு நிறுவனங்களும் ஊர் மக்களும் சேர்ந்து அவற்றை நடத்தினார்கள்.

இதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளையை எங்கோ தொலைவில் கொண்டுபோய் விட்டால் அது ஊரையும் இழக்கும். உறவையும் இழக்கும். தெரிந்த முகங்களோடு இருந்தால் பயம் குறையும். பிள்ளையை இழந்த தாய்க்கும் ஒரு பிடிப்புக் கிடைக்கும்.

ஒடிசா இன்னும் ஒன்று செய்தது. கடலோரத்தில் உறுதியான புயல் பாதுகாப்புக் கட்டடங்களைக் கட்டியது. 2019-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி ஃபானி புயல் பூரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே சுமார் 12 லட்சம் மக்களைப் பத்திரமான இடங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். அந்தப் புயலில் ஒடிசாவில் இறந்தவர்கள் 64 பேர். 1999-இல் இறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னேற்பாடு எவ்வளவு உயிர்களைக் காக்கிறது!

முகாமில் நமக்கு உள்ள உரிமை

முகாமில் கிடைப்பது பிச்சை அல்ல. அது நம் உரிமை. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. முகாமில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று அரசு வரையறுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்றும் சொல்கிறது.

அந்த அளவுகளைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் வெளியிட்டது. சில முக்கியமானவை இதோ:

1. ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீட்டர் இடம் வேண்டும். ஒரு பாயை விரித்துப் படுத்து, பக்கத்தில் மூட்டையையும் வைக்க இது போதும்.

2. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3 லிட்டர் குடிநீர் வேண்டும்.

3. முப்பது பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும்.

4. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கழிப்பறையும் குளிக்குமிடமும் வேண்டும்.

5. விதவைகள், அநாதைக் குழந்தைகள் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். கணவன் பேரிடரில் இறந்தார் என்ற சான்றிதழை 15 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

இதைப் படித்ததும் பெரியம்மா கேட்டார்: "இதெல்லாம் எழுதியே வைத்திருக்கிறார்களா? எனக்கு யாரும் சொல்லவில்லையே!"

எழுதி வைத்திருப்பதை நாம் படிக்க வேண்டும். படித்தால்தான் கேட்க முடியும்.

நாமே செய்யக்கூடியவை

எல்லாவற்றுக்கும் அதிகாரிகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முகாமுக்குப் போன முதல் நாளே நாம் சிலவற்றைச் செய்யலாம்.

பெண்கள் ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேருங்கள். முகாம் பொறுப்பாளரிடம் பேசுங்கள். தனியாக இருக்கும் பெண்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், வயசுப் பெண்கள் ஆகியோருக்கு ஒரு தனி அறையைக் கேளுங்கள். பள்ளிக்கூடமாக இருந்தால் ஒரு வகுப்பறை போதும். அறை இல்லையா? ஒரு மூலையில் கயிறு கட்டிச் சேலையையோ தார்ப்பாயையோ தொங்கவிடுங்கள். துணி மாற்றவும், பால் கொடுக்கவும் ஒரு மறைவு கிடைக்கும். மாதவிலக்கு நாட்களில் துணியோ நாப்கினோ கேட்க வெட்கப்பட வேண்டாம். அதுவும் அரிசி, பருப்புப் போல அவசியமான பொருள்தான்.

கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே சொல்லுங்கள். இரவில் யாரும் தனியாகப் போக வேண்டாம். இரண்டு பேராகப் போங்கள்.

குழந்தைகளுக்கும் ஒரு இடம் ஒதுக்குங்கள். இரண்டு பாய், கொஞ்சம் சாக்பீஸ், ஒரு பந்து இருந்தால் போதும். தினமும் ஒரே நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டுப் பாடுங்கள், கதை சொல்லுங்கள், விளையாட விடுங்கள். பயந்துபோன பிள்ளை சிலசமயம் பேசாது. இரவில் அலறும். படுக்கையை நனைக்கும். அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். விளையாட விளையாடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும்.

அங்கே ஒரு நோட்டு வையுங்கள். எந்தப் பிள்ளை வந்தது, யார் அழைத்துப் போனார்கள் என்று எழுதுங்கள். அழைத்துப் போகிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தெரியாத ஆள் யாரும் பிள்ளையைக் கூட்டிப்போக விடாதீர்கள்.

பெற்றோரைப் பிரிந்த பிள்ளை கிடைத்தால் நாமாகவே வளர்க்கவோ, வேறு யாருக்கும் கொடுக்கவோ கூடாது. சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். காசு கிடையாது. பெண்களுக்கு உதவி வேண்டுமென்றால் 181. எந்த அவசரத்துக்கும் 112.

பெரியம்மா எழுதிய சீட்டு

அன்று வகுப்பு முடியும்போது எல்லோரும் ஒரு சீட்டு எழுதினோம். பிள்ளையின் பெயர், தாய் பெயர், தகப்பன் பெயர், ஊர், போன் நம்பர். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழைக்காலத்தில் பிள்ளையின் சட்டைக்குள் வைத்துத் தைத்துவிடலாம். பேசத் தெரியாத பிள்ளைக்கு இந்தச் சீட்டுத்தான் வாய்.

பெரியம்மா கடைசிவரை உட்கார்ந்து எழுதினார். பேத்தியின் பெயரை இரண்டு முறை அழித்து எழுதினார். பிறகு என்னிடம் காட்டினார்.

"தப்பு இருக்கா பார் கண்ணு."

ஒரு தப்பும் இல்லை.

கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊரில் வெள்ளமோ புயலோ வந்தால் எங்கே போய்த் தங்குவீர்கள்? அங்கே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா? தாழ்ப்பாள் இருக்கிறதா?

2. பெரியம்மா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை? அந்த நிலை வராமல் இருக்க என்ன செய்யலாம்?

3. தெரியாத ஒருவர் வந்து "இது என் அண்ணன் மகள்" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கோடிட்ட இடத்தை நிரப்புக

1. மமதா என்றால் ________.

2. ________ பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும்.

3. குழந்தைகளுக்கான உதவி எண் ________.

எழுதிப் பழகுவோம்

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஒரு சீட்டு எழுதுங்கள்.

பெயர்: ________
தாய் பெயர்: ________
தகப்பன் பெயர்: ________
ஊர்: ________
போன் நம்பர்: ________