கருவுற்ற தாய்மாரும் இயக்குநீர்ச் சோதனையும்

சிங்கப்பூரின் வட எல்லையில் உள்ள கிராஞ்சி வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ விளங்கியது. இன்று அங்கே அத்தோட்டங்கள் இல்லை. எனினும், ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பாலுள்ள தோட்டங்களோடு உறவு விட்டுப்போகாத தமிழ்க் குடும்பங்கள் பல அவ்வட்டாரத்தில் வாழ்ந்து வருகின்றன.

அத்தகைய குடும்பம் ஒன்றில் ஏழு வாரக் கருவைத் தாங்கிய இளந்தாய் ஒருத்தி, ஒரு நாள் காலையில் சிறிது உதிரம் படுவதைக் கண்டாள் என்று கொள்வோம். மருத்துவமனைக்குச் செல்கிறாள். இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். பின்னர் ஓர் எண்ணைக் குறிப்பிட்டு, “இரண்டு நாள் கழித்து மீண்டும் வாருங்கள்” என்கிறார்கள். வீடு திரும்பியவள் உறங்கவில்லை. அந்த எண் நல்லதா, தீயதா? குழந்தை தங்குமா, தங்காதா? இக்கேள்விகள் எழும்போது நாம் எதை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இம்மாதப் பாடமாகும்.

இயக்குநீர் என்பது யாது?

ஹார்மோன் எனப்படும் இயக்குநீர், உடலின் ஒரு பகுதியில் சுரந்து, இரத்தத்தின் வழியே சென்று, மற்றொரு பகுதியை வேலை செய்யத் தூண்டுவதாகும். அதன் அளவு மிகச் சிறிது, விளைவோ பெரிது. பால் அதிகமாக வடிவதற்காக மரப்பட்டையில் எத்தபோன் என்னும் மருந்தைப் பூசுவதைத் தோட்டத்து மக்களாகிய நாம் அறிவோம். அம்மருந்து எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. அந்த எத்திலீன் மரங்களுக்கே உரிய ஓர் இயக்குநீராகும். சிறிதளவு பூச்சு மரத்தின் பால் ஓட்டத்தையே மாற்றிவிடுவது போல, தாயின் உடலிலும் சிறிதளவு இயக்குநீர் பெரிய மாறுதல்களை உண்டாக்குகிறது.

கருவின் தொடக்க நாள்களில் இரண்டு இயக்குநீர்கள் முக்கியமானவை. ஒன்று எச்.சி.ஜி. என்பது. கரு கருப்பையில் பதிந்ததும், பின்னர் நஞ்சுக்கொடியாக வளரவிருக்கும் திசுக்கள் இதனைச் சுரக்கின்றன. மற்றொன்று புரொஜெஸ்தரோன். இது கருப்பையின் உட்சுவரைக் கரு தங்குவதற்கு ஏற்றதாக வைத்திருக்கிறது. முதல் சில வாரங்களில் தாயின் சினைப்பையிலிருந்து சுரக்கும் இதனை, ஏறத்தாழ ஏழாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரத்துக்குள் நஞ்சுக்கொடி தானே சுரக்கத் தொடங்குகிறது.

சிறுநீர்ச் சோதனையும் இரத்தச் சோதனையும்

1920-களின் இறுதியில் பெர்லின் நகரில் ஆஷைம், சோண்டெக் என்னும் மருத்துவர் இருவர், பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசி வழியே செலுத்தி, அதன் சினைப்பையில் தோன்றும் மாறுதலைக் கொண்டு கருவை அறியும் முறையைக் கண்டனர். அதன் முடிவை அறியப் பல நாள்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று மருந்துக் கடையில் வாங்கும் சோதனைக் குச்சி சில நிமிடங்களில் விடை கூறிவிடுகிறது. அன்று எலியின் உடலில் வேலை செய்ததும், இன்று குச்சியில் கோடாகத் தெரிவதும் அந்த எச்.சி.ஜி.யே ஆகும்.

ஆனால் வீட்டில் செய்யும் சோதனை, “உண்டு” அல்லது “இல்லை” என்று மட்டுமே பொதுவாகக் கூறும். கரு எங்கே தங்கியிருக்கிறது, நன்கு வளர்கிறதா என்பனவற்றை அது கூறாது. “எவ்வளவு” என்று அளந்து கூறுவது இரத்தச் சோதனையாகும்.

ஓர் எண் போதுமா?

ஒரு நாள் நிறுத்த பாலின் எடையை மட்டும் பார்த்து ஒரு மரத்தை நல்ல மரம் என்றோ கெட்ட மரம் என்றோ எவரும் முடிவு கட்டுவதில்லை. மழை, பருவம், மரத்தின் வயது ஆகிய அனைத்தையும் எண்ணிப் பார்க்கிறோம். அடுத்தடுத்த நாள்களின் கணக்கையும் ஒப்பிடுகிறோம். எச்.சி.ஜி. அளவும் அத்தகையதே. கருவின் ஐந்தாம் வாரத்தில் ஒரு தாய்க்குச் சில நூறு யூனிட் இருக்கலாம். மற்றொருத்திக்குச் சில ஆயிரம் இருக்கலாம். இருவரும் நலமான குழந்தைகளைப் பெற்றெடுக்கக்கூடும். ஆகையால், பக்கத்து வீட்டுப் பெண்ணின் எண்ணோடு தம் எண்ணை ஒப்பிட்டு அஞ்சுவதில் பொருள் இல்லை.

மருத்துவர் நோக்குவது எண் செல்லும் திசையையே. தொடக்க வாரங்களில் எச்.சி.ஜி. அளவு பொதுவாக இரண்டு மூன்று நாள்களில் இரு மடங்காகும். சிலருக்குச் சற்று மெதுவாகவும் ஏறும். 48 மணி நேரத்தில் அது மிகக் குறைவாக ஏறினாலோ, ஏறாமல் நின்றாலோ, இறங்கினாலோ மருத்துவர் மேலும் ஆராய்வார். “இரண்டு நாள் கழித்து வாருங்கள்” என்று கூறுவதன் காரணம் இதுவே. அது தட்டிக்கழிக்கும் சொல் அன்று, சோதனையின் மறுபாதியாகும். கூறிய நாளில் செல்லாதவர் அரைச் சோதனையோடு நின்றவராவார்.

எட்டாம் வாரத்துக்கும் பதினோராம் வாரத்துக்கும் இடையே உச்சத்தை அடையும் எச்.சி.ஜி., பின்னர் தானாகவே குறையும். அப்போது குறைவது இயல்பு. மேலும், ஸ்கேன் கருவியில் குழந்தையின் இதயத்துடிப்பைக் காண முடிந்த பின்னர், ஸ்கேன் கூறுவதே எண்களைக் காட்டிலும் தெளிவான சான்றாகும்.

கண்டாங் கெர்பாவில் கண்ட உண்மை

கிராஞ்சியில் இரயில் ஏறி, நியூட்டனில் மாறினால், அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. நம் மக்கள் தேக்கா என்று வழங்கும் இடம். அதற்கு அருகே உள்ளது கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனை. கண்டாங் கெர்பாவ் என்னும் அதன் பழம்பெயருக்கு மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்பது பொருள். 1924-ஆம் ஆண்டில் மகப்பேற்று மருத்துவமனையான அது, 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து உலகச் சாதனை படைத்தது. 1997-இல் இன்றைய புதிய கட்டடத்துக்கு மாறியது.

தொடக்க வாரங்களில் உதிரம் படும் தாய்மாரின் புரொஜெஸ்தரோன் அளவை இம்மருத்துவமனையின் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2015-ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் முடிவுகளை வெளியிட்டனர். லிட்டருக்கு 35 நானோமோல் என்பதை அவர்கள் ஓர் எல்லைக்கோடாகக் கண்டனர். அதற்குக் கீழே இருந்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் மிகுதி. மேலே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர்க்குக் கரு நிலைத்தது. எனவே, மேலே இருப்பவருக்குத் தேவையற்ற மருந்தைத் தவிர்த்து ஆறுதல் கூற வழி பிறந்தது.

ஆயினும் கோட்டுக்குக் கீழே இருப்பது கரு கலைந்தே தீரும் என்னும் தீர்ப்பு அன்று. அதுபோலவே, மருந்து கொடுத்தால் கரு நிலைத்தே தீரும் என்பதும் அன்று. பிரிட்டனில் 4,153 தாய்மாரிடம் நடத்தப்பெற்று 2019-இல் வெளியான ஆய்வில், புரொஜெஸ்தரோன் பெற்றவர்களில் நூற்றுக்கு 75 பேரும், பெறாதவர்களில் நூற்றுக்கு 72 பேரும் குழந்தை பெற்றனர். இது உறுதியான வேறுபாடு என்று கொள்ளத்தக்கதன்று. முன்னர் மூன்றோ அதற்கு மேலோ கருச்சிதைவு கண்டவர்களிடையே மட்டும் அது 72-க்கு 57 என்று தெளிவாக வேறுபட்டது. ஆதலால் முன்னர் கருச்சிதைவு நேர்ந்திருப்பின் அதனை மருத்துவரிடம் மறைத்தல் ஆகாது.

காலம் தாழ்த்தக் கூடாத அறிகுறிகள்

நூறு கருவில் ஒன்று அல்லது இரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகிறது. அது வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில், குறிப்பாக ஒரு புறத்தில் கடும் வலி, தோள்பட்டை முனையில் வலி, மயக்கம், மிகுந்த உதிரப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினும் எண்ணுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அவசர வண்டிக்குச் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்களை அழைக்கலாம். இயக்குநீரின் எண் நன்றாக இருந்ததே என்று வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பது பெரும் பிழையாகும்.

பழி யார்மீதும் இல்லை

கருவுற்றோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தொடக்கத்தில் உதிரம் படுகிறது. அவர்களுள் பலர் நலமான குழந்தையைப் பெறுகின்றனர். கரு கலைந்துவிட்டாலும், தொடக்கக் காலச் சிதைவுகளில் பாதிக்கு மேற்பட்டவை கருவின் குரோமோசோம் குறைபாட்டால் நேர்பவை. படியேறியதாலோ, அன்று பப்பாளி தின்றதாலோ வந்ததென்று மருமகளைக் கடிந்துகொள்வது அறியாமை. மாமியாரும் கணவரும் இதனை நன்கு உணர்தல் வேண்டும்.

ஆகவே, கருவுற்றிருப்பதை அறிந்தவுடனே அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளைக் குறித்து வையுங்கள். வாரக் கணக்குத் தவறினால் எண்ணின் பொருளும் தவறும். சோதனைத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாம் சோதனையையும், இயன்றவரை முதல் சோதனை நடந்த இடத்திலேயே செய்துகொள்ளுங்கள்.

நாம் தொடக்கத்தில் கண்ட இளந்தாய்க்கு அன்றிரவு தேவைப்பட்டது வேறொருவர் எண்ணோடு ஒப்பிடும் பேச்சன்று. இரண்டு நாள் கழித்துத் தன்னுடன் வருவதற்கு ஒருவர் வேண்டும். அதுவரை வலி மிகுந்தால் எங்கே செல்வது என்னும் தெளிவு வேண்டும். இவ்விரண்டையும் நம் வீட்டுப் பெண்களுக்கு அளிப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.