பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நிற்கிறீர்களா?

அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால் நீங்களும் நிற்கலாம். படிப்பு, பதவி எதுவும் தேவையில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவரும் பெற்றோர்தான்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று போய் நின்றால் மட்டும் போதாது. ஒரு வாரம் முன்பே, பிள்ளைகளை அழைக்கப் போகும்போது வாசலில் நிற்கும் மற்ற அம்மா அப்பாக்களிடம் பேசுங்கள். கூலி வேலையை விட்டு வர முடியாதவர்களின் குறையையும் கேட்டு வையுங்கள்; கூட்டத்தில் அவர்கள் குரல்தான் அதிகம் விடுபடுகிறது.

பத்து வாக்குறுதி வேண்டாம். ஒன்றைப் பிடியுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று மகளிடம் கேட்டாலே பேச வேண்டியது கிடைத்துவிடும்.

தேர்வானபின் தீர்மானப் பதிவேட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் சட்டமே உங்களுக்குத் தந்த வேலை. தலைமை ஆசிரியரிடம் தயங்காமல் கணக்கைக் கேளுங்கள், மரியாதையாக.