ஒழுகும் என்ஜினும் உழவர் கவனமும்

கிணற்று மேட்டில் நிற்கும் டீசல் என்ஜினின் அடியில் கறுத்த வட்டம் ஒன்று படிந்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கண்டும், பழைய என்ஜின் என்றால் சற்று ஒழுகத்தான் செய்யும் என்று கூறி அதன்மீது ஒரு கை மணலை அள்ளிப் போட்டு மூடிவிடுவது நம்மிடையே வழக்கமாக இருந்து வருகிறது. மணல் கறையை மறைக்குமேயன்றிக் கசிவை நிறுத்தாது. மெக்கானிக் வரும்வரை காத்திராமல், வீட்டிலுள்ள சாமான்களைக் கொண்டே இக்கசிவின் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடிக்கவும், பெரும்பாலும் நாமே அதை அடைக்கவும் முடியும் என்பதை இம்மாதப் பாடத்தில் விளக்க முற்படுகிறோம்.

நம் அங்கத்தினர்கள் சிலரிடம் இன்னும் உழைத்துவரும் கனத்த, மெதுவேக, ஒற்றைச் சிலிண்டர் என்ஜினையே இங்கு எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் கம்பெனியார் 1930ஐ ஒட்டி வெளியிட்ட அமைப்பு அது. பின்னர் ராஜ்கோட்டிலும் வேறு ஊர்களிலும் உள்ள பட்டறைகள் அதே மாதிரியை வைத்து ஏராளமாக வார்த்து விற்றன. 6 குதிரைத் திறன், நிமிடத்திற்கு 650 சுற்று என்பது அதன் வழக்கமான கணக்கு. இவ்வகை என்ஜினின் உள்ளே, கனெக்டிங் ராடின் அடிமுனையில் சிறு கரண்டி போன்ற ஓர் உறுப்பு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அது கீழ்த்தொட்டியிலுள்ள எண்ணெயைத் தொட்டு வாரி மேலே இறைக்கிறது. அந்தத் தெறிப்பே பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயிர். தொட்டியில் எண்ணெய் மட்டம் தாழ்ந்துவிட்டால் கரண்டி வெறுங்காற்றையே வாரும். பேரிங் காய்ந்து உருகும். என்ஜின் இறுகி நின்றுவிடும். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் இவ்வாறு நின்றுவிட்டால், நஷ்டம் எண்ணெய்க் காசோடு போகுமா?

நெசவாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மின்சாரம் நின்றபோது ஓட்டுவதற்கென்று ஜெனரேட்டர் வைத்திருக்கும் கூடங்களில், தரையில் கசிந்த எண்ணெய் காலில் ஒட்டிப் பாவுக்கும் நூற்கட்டுக்கும் ஏறிவிடுகிறது. எண்ணெய் பட்ட நூலில் சாயம் சரிவரப் பிடிக்காது. சேலை தறியை விட்டு இறங்கிய பிறகு தெரியும் அந்தத் திட்டுக்கு விலையைக் குறைத்துத்தான் ஆகவேண்டும்.

முதலாவதாக, ஒழுகுவது என்ன என்று தெரிந்துகொள்ளுதல் அவசியம். என்ஜினின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை இரவு முழுவதும் விரித்து வையுங்கள். டீசல் மெல்லியது, காகிதத்தில் அகலமாகப் பரவி, வாசனையாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். என்ஜின் எண்ணெய் கறுத்து, கொழுகொழுவென்று ஓரிடத்திலேயே நிற்கும். தண்ணீர் காய்ந்துவிடும். அட்டையில் துளி விழுந்த இடமே கசிவின் இடம் என்று எண்ணிவிடக் கூடாது. துளி எங்கெங்கோ வழிந்து, கடைசியில் தாழ்வான முனையிலிருந்துதான் சொட்டுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு நோயும் உண்டு. அளவுகோலை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே வரும். "ஊற்றாமலே கூடுகிறதே" என்று மகிழ வேண்டாம். டீசல் பம்பிலிருந்தோ, நாசிலின் மீதிக் குழாயிலிருந்தோ டீசல் உள்ளே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்கிறது என்பதே அதன் பொருள். வெளிக்கசிவைவிட இது கொடியது. என்ஜினை உடனே நிறுத்தி, கசியும் இணைப்பைச் சரிசெய்து, எண்ணெய் முழுவதையும் மாற்றிய பிறகே மீண்டும் ஓட்ட வேண்டும்.

இனி, எந்த மரையாணியிலும் ஸ்பானரை வைக்குமுன் பார்க்க வேண்டியது மூச்சுத்துளை. இதை ஓர் உண்மை நிகழ்ச்சியால் கூறுகிறோம். நம் அங்கத்தினர் ஒருவருடைய என்ஜினில் பக்கக் கதவு, மேல்மூடி, அச்சின் இரு முனைகள் என நாற்புறமும் எண்ணெய் வடிந்தது. பேக்கிங்கை இருமுறை மாற்றினார். பட்டறையில் கொடுத்து ஆயில் சீலையும் மாற்றினார். ஒரு வாரம் நின்று, மறுபடியும் ஒழுகிற்று. கடைசியில் மூச்சுத்துளைக் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே மண்ணால் கட்டிய குளவிக்கூடு ஒன்று இருந்தது! ஒரு குச்சியால் அதைத் தட்டி எடுத்து, டீசலில் கழுவி மாட்டினோம். அன்றோடு நான்கு இடத்துக் கசிவும் நின்றது. அவர் செலவிட்ட தொகையை இங்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

காரணம் எளிது. பிஸ்டன் கீழிறங்கும்போது தொட்டியிலுள்ள காற்று நெருக்கப்படுகிறது. மூச்சுத்துளையிலுள்ள மெல்லிய தகடு அப்போது திறந்து காற்றை வெளியே விடும். பிஸ்டன் ஏறும்போது மூடிக்கொள்ளும். இதனால் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும். எண்ணெய் வெளியே வர நாடாது. துளை அடைத்தாலோ, தகடு பிசுக்கில் ஒட்டிக்கொண்டாலோ, உள்ளழுத்தம் எண்ணெயை எங்கெங்கு இடுக்குண்டோ அங்கெல்லாம் பிதுக்கித் தள்ளும். ஆகவே பல இடங்களில் ஒருங்கே கசிந்தால் மூச்சுத்துளையையே சந்தேகியுங்கள். அது சுத்தமாயிருந்தும் புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். அப்போது எந்தப் பேக்கிங்கும் பலன் தராது. அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றியிருந்தாலும் ஒழுகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூச்சுத்துளை சரியாயிருப்பின், என்ஜினைக் கழுவ வேண்டும். ஆறிய என்ஜினில் டீசல் நனைத்த பிரஷால் பிசுக்கைத் தேய்த்தெடுத்து, சோப்புநீரால் துடைத்து, பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துவட்டுங்கள். பிறகு பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டியைப் பொடித்தோ, முகப்பவுடரையோ சந்தேகமுள்ள இணைப்புகளின்மீது மெல்லத் தூவி, என்ஜினை ஓட்டுங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாயிருக்கும். சூடேறிய பிறகே கசிவு வெளிப்படும். ஆதலால் கால் மணி நேரமாவது பொறுத்து, டார்ச் விளக்கால் பாருங்கள். வெண்பொடியில் கறுத்த கோடு ஒன்று இறங்கும். அக்கோட்டின் மேல்நுனியே நாம் தேடும் இடம். பிளைவீலின் காற்று எண்ணெயைச் சிதறடிக்கும் என்பதால் பக்கவாட்டுக் கறைகளை நம்பி ஏமாற வேண்டாம்.

இந்தச் சோதனையின்போது வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டுங்கள். தோளில் துண்டு வேண்டாம். சுழலும் பிளைவீல் துணியைப் பற்றினால் ஆளை விடாது. கதவடைத்த அறையில் ஓட்டக் கூடாது. புகை உயிரைக் குடிக்கும். டீசல் பம்புக்கும் நாசிலுக்கும் இடையேயுள்ள உருக்குக் குழாயில் கசிவிருந்தால் விரலை வைத்துத் தடவிப் பார்க்கவே கூடாது. அங்கே டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கக்கூடிய வேகத்தில் பாயும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

கசிவு பக்கக் கதவிலோ மேல்மூடியிலோ இருந்தால் வேலை நம்முடையது. எண்ணெய் வடிக்கும் ஆணியில் கசிந்தால் அதன் செம்பு வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மென்மையாகி மறுபடியும் நன்றாகப் படியும். கதவுக்கு வேண்டியது புதிய பேக்கிங். பழையதைச் சுரண்ட இரும்புக் கத்தியை எடுக்காதீர்கள். அது போடும் கீறல் ஒவ்வொன்றும் புதிய வாய்க்கால். மூங்கில் சிம்பு போதும். பின்பு கதவைக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால், மெல்லிய உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து, கதவை அதன்மீது சுற்றிச் சுற்றித் தேய்த்துச் சமன் செய்யலாம். பேக்கிங் தாளைக் கதவின்மேல் வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்பில் தட்டிக்கொண்டே போனால் தாள் தானே வெட்டுண்ணும். ஆணித் துளைகளுக்கு ஒரு சைக்கிள் பால்ஸை வைத்துத் தட்டினால் வட்டம் பிசகாமல் வரும். இருபுறமும் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கடையில் விற்கும் சிலிக்கான் பசையும் நல்லதே. அதிகம் பூசினால் உள்ளே பிதுங்கிச் சென்று எண்ணெய் வழிகளை அடைக்கும்.

நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குதல் முறை. கசிவு நிற்கவில்லையே என்று முழுப்பலத்தையும் காட்டினால் தகடு வளைந்து கசிவு கூடும். அச்சின் முனையில் பேரிங் வீடுகளுக்கு அடியிலுள்ள தாள்களை மட்டும் தடிமன் மாற்றிப் போடக் கூடாது. அச்சின் ஆட்டம் அவற்றால் அளந்து வைக்கப்பட்டது. ஆயில் சீலை மாற்ற வேண்டுமென்றால் பிளைவீலை இறக்க வேண்டும். அதன் கனம் விளையாட்டன்று. அதை மெக்கானிக்கிடமே விடுங்கள். சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருக்கிறதா என்பதையும், அச்சில் பழைய உதடு அறுத்த பள்ளம் உள்ளதா என்பதையும் அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளமிருந்தால், புதிய சீலைச் சற்றுத் தள்ளிப் பொருத்தச் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஓட்டிய பின், ஆறவிட்டு நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். மறுநாள் மீண்டும் சுண்ணப்பொடி தூவி ஓட்டி, வெண்மை கலையவில்லை என்றால் அட்டையை எடுத்துவிடலாம். வடித்த பழைய எண்ணெயை வாய்க்கால் ஓரத்தில் கொட்டாமல் மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, கழிவெண்ணெய் வாங்குவோரிடம் கொடுங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.