சைக்கிளுக்கு கேமரா வேணுமா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு வாங்கு

விடிகாலையில் டியூட்டிக்குக் கிளம்புகிறவர்கள், ராத்திரி கடையைச் சாத்திவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளையே காலேஜுக்கும் ஓட்டுகிற பிள்ளைகள் எல்லாரும் இப்போது கேட்பது ஒன்றுதான்: "அக்கா, சைக்கிளில் கேமரா மாட்டிக்கலாமா?"

மாட்டிக்கோ. ஆனால் எதற்கு என்று தெரிந்துகொண்டு மாட்டு. கேமரா உன்னைக் காப்பாற்றாது. பின்னால் வருகிற லாரிக்காரர் கண்ணில் அது படக்கூடப் படாது. அது செய்கிற வேலை ஒன்றே ஒன்று: இடித்துவிட்டுப் போகிற வண்டியின் நம்பரைப் பிடித்து வைப்பது.

அந்த நம்பருக்கு என்ன மதிப்பு என்று கேள். இடித்த வண்டி எது என்றே தெரியவில்லை என்றால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டப்படி கிடைப்பது இவ்வளவுதான்: உயிர் போனால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். வண்டி தெரிந்துவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 164-ம் பிரிவில், தப்பு யார் மேல் என்று நிரூபிக்காமலே 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம். தப்பை நிரூபித்து 166-ம் பிரிவில் போனால் வயசு, வருமானம், வைத்தியச் செலவு எல்லாம் பார்த்து அதற்கு மேலும் வரும். 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் செத்த 1,68,491 பேரில் 30,486 பேர், இடித்த வண்டி நிற்காமல் போன விபத்துகளில் செத்தவர்கள். சுற்றுச்சூழலுக்காகப் போராடுகிற சுனிதா நாராயண், 2013 அக்டோபர் 20 காலையில் டெல்லியில் சைக்கிளில் போனபோது ஒரு கார் இடித்தது, பலத்த அடி. அந்தக் காரும் நிற்கவில்லை. ஆகவே நம்பர்தான் முக்கியம். கீழே சொல்வதெல்லாம் அந்த நம்பருக்காகத்தான்.

1. முதல் காசு கேமராவுக்கு இல்லை.
பின்னால் சிவப்பு லைட் இருக்கிறதா? பெடலிலும் மட்கார்டிலும் ரிஃப்ளெக்டர் இருக்கிறதா? பிரேக் கட்டை தேயாமல் இருக்கிறதா? இதெல்லாம் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் கேமரா வாங்கினால் எனக்குக் கோபம்தான் வரும். லைட் அடிபடாமல் காக்கும். கேமரா அடிபட்ட பிறகு பேசும்.

2. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பின்பக்கம் மாட்டு.
ஹேண்டில்பாரில் மாட்டச் சொல்லிப் பலர் சொல்வார்கள். முந்திப் போகிற வண்டியின் பின் நம்பர் அதில் விழும் என்பது அவர்கள் கணக்கு. நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு அது சரிப்படாது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலை அரவை தொடங்கிவிட்டால், ரோடு முழுக்கக் கரும்பு டிராக்டர்தான். டிரெய்லர் பின்னால் கரும்பு தொங்கி நம்பரையே மறைத்துவிடும், விளக்கும் இருக்காது. டிராக்டரின் முன் நம்பர்தான் தெளிவாகத் தெரியும். அதைப் பிடிக்கப் பின்பக்கக் கேமராதான் வேண்டும். இன்னொன்று, நீ விழுந்தால் ஹேண்டில் திரும்பிவிடும். முன் கேமரா வானத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கும்.

3. மாட்டிய பிறகு பின்னால் போய் நின்று பார்.
இதை யாருமே செய்வதில்லை. சீட் கம்பியில் கேமராவை மாட்டிவிட்டு, கேரியரில் பால் கேனைக் கட்டுவீர்கள். புத்தகப் பை பின்னால் சரிந்து தொங்கும். துப்பட்டா நுனி லென்ஸ் மேல் ஆடும். ஊருக்குப் போகும்வரை அதைத்தான் கேமரா எடுக்கும். முன்பக்கம் மாட்டினாலும் இதே கதைதான்: கூடையில் வைத்த டிஃபன் பாக்ஸும் ஹேண்டிலில் மாட்டிய கட்டைப் பையும் பாதியை மறைத்துவிடும். தினமும் போகிற சுமையோடு சைக்கிளை நிறுத்து. வீட்டில் யாரையாவது பைக்கில் பத்தடி பின்னால் வரச் சொல்லி ஒரு நிமிஷம் எடு. நம்பர் படிக்க முடிந்தால் சரி. முடியவில்லை என்றால் கேமராவைக் கேரியரின் பின் நுனிக்கு இறக்கு.

4. செட்டிங்கை ஒரு தடவை சரியாகப் போடு, பிறகு தொடாதே.
• 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம் போதும். 4கே வைத்தால் பேட்டரியும் கார்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.
• ரொம்ப அகலமாக எடுக்கிற 'வைடு' வேண்டாம். காட்சி நிறைய விழும், நம்பர் கடுகாகிவிடும்.
• லூப் ரெக்கார்டிங் போட்டுவிடு. கார்டு நிறைந்ததும் பழையதன் மேல் தானே எழுதிக்கொள்ளும்.
• தேதி, நேரம் சரியாக இருக்கட்டும். கேமராவில் 2019 என்று ஓடிக்கொண்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.
• கேமரா வாங்க வசதி இல்லையா? பழைய போனை நல்ல ஹோல்டரில் முன்பக்கமாவது மாட்டு, ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை. ஓட்டும்போது மட்டும் அதைத் தொடாதே.

5. நம்பரை வாய்விட்டுக் கத்து.
செலவே இல்லாத வித்தை இது. ராத்திரியில் எதிர் வண்டியின் வெளிச்சம் அடித்து நம்பர் பிளேட் வெள்ளையாகிவிடும், மழையில் லென்ஸ் கலங்கிவிடும். ஆனால் மைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். உரசிப் போனவுடன் கண்ணில் பட்டதைச் சத்தமாகச் சொல்: "டிஎன் 77, நீல டிப்பர், சின்னசேலம் பக்கம் போகுது." நாலு எண்ணில் இரண்டுதான் தெரிந்தாலும் சொல். கலரையும் போகிற திசையையும் வைத்தே போலீஸ் டோல்கேட் கேமராவிலும் கடை சிசிடிவியிலும் தேட ஆரம்பிக்கலாம்.

6. உன் தப்பும் அதில் பதியும், ஞாபகம் வைத்துக்கொள்.
சேலம்–உளுந்தூர்பேட்டை நான்குவழிச்சாலையில் யூ-டர்ன் தூரம் என்று எதிர்த்திசையில் ஓட்டுகிறாயே, அதைத்தான் சொல்கிறேன். வேண்டாம்மா. உயிருக்கும் ஆபத்து, கேசிலும் "தப்பு இவர் மேலும் இருக்கு" என்று இழப்பீட்டில் கழித்துவிடுவார்கள். அதே கேமரா உன் பக்கமும் பேசும். மக்காச்சோளம் அறுக்கிற மாதத்தில் பாதி ரோட்டை அடைத்துக் காயப்போட்டு, சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். சோளத்தை அள்ளிக்கொண்டு போன பிறகும் கல் மட்டும் கிடக்கும். நீ ஏன் திடீரென்று நடு ரோட்டுக்கு வந்தாய் என்று கேட்டால், அந்தக் கல் வீடியோவில் இருக்கும். முன்பக்கமும் ஒன்று வாங்க முடிந்தவர்களுக்கு இதுதான் காரணம்.

7. கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் கேளுங்கள்.
கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை ஏறும்போது லென்ஸில் பனி படியும். சட்டைப் பையில் ஒரு காட்டன் துணி வைத்துக்கொள். மலையில் பல இடத்தில் சிக்னல் கிடையாது. வீடியோ தானாக நெட்டுக்கு ஏறிவிடும் என்று நம்பாதே, கார்டுதான் துணை. சனி, ஞாயிறில் மேகம் அருவி, பெரியார் அருவிக்கு வருகிற பைக்குகள் வளைவிலேயே முந்தும். இறங்கும்போது ஓரம் விடாதே, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடி. இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: மலைக் கிராமங்களில் தண்ணீர் பிடிக்கிற பெண்களையும் வாசலில் விளையாடுகிற குழந்தைகளையும் எடுத்துக்கொண்டே போகாதே. ஊருக்குள் நின்றால் கேமராவை அணை. அது அவர்கள் வீட்டு வாசல்.

8. துரத்தாதே, சண்டைக்குப் போகாதே.
கேமரா இருக்கிறது என்ற தைரியத்தில் லாரியை மறித்து நிற்கிற தம்பிகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அவர் கையில் பத்து டன் இருக்கிறது. நீ ஓரமாக நில், தண்ணீர் குடி, நம்பரைப் பேப்பரில் எழுது. பின்னாலேயே பைக்கில் வந்து சீண்டுகிறவன் விஷயத்திலும் இதேதான். ஆள் நடமாட்டம் இருக்கிற கடையில் போய் நின்று 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடு தங்கச்சி. வீடியோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

9. அடிபட்டால் எதை முதலில் செய்வது.
முதலில் 108. போலீஸ் வரட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடாதே. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். தூக்கி உட்கார வைத்தவரின் போன் நம்பரை வாங்கிக்கொள். உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவே இருக்கிறது, அதை அவரிடம் சொன்னால் தயங்காமல் கொடுப்பார்.

பிறகு கேமராவை அணைத்துவிடு. இதுதான் எல்லாரும் மறப்பது. லூப் ஓடிக்கொண்டே இருந்தால் அடிபட்ட காட்சி மேலேயே புதுசு எழுதிவிடும். கார்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி வை. வெட்டாதே, பாட்டுச் சேர்க்காதே, பெயரைக்கூட மாற்றாதே. நகலெடுத்து பென்டிரைவில் ஸ்டேஷனுக்குக் கொண்டு போ. எழுத்துப்பூர்வமான புகாரில் இடம், நேரம், நம்பர், வீடியோ இருக்கிற விவரம் நாலும் இருக்கட்டும். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதே. காயம் இருந்தால் எஃப்.ஐ.ஆர். கேள். கோர்ட்டில் நகலைக் காட்ட, 2024 ஜூலை 1 முதல் அமலான சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் உன் கையெழுத்து, இன்னொரு பகுதியில் நிபுணர் கையெழுத்து. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார், அசல் கார்டு மட்டும் உன் பீரோவில் பத்திரமாக இருக்க வேண்டும். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டத்தில் ஆறு மாதம்தான் போட்டிருக்கிறது. கட்டுப் பிரிக்கட்டும், பொங்கல் முடியட்டும் என்று இழுக்காதே.

10. வாட்ஸ்அப்பில் போடாதே.
கோபம் வரும், போடத்தான் தோன்றும். வெளிநாட்டில் சைக்கிள்காரர்கள் எடுத்த வீடியோவைப் போலீஸே வாங்குகிறது. வேல்ஸ் நாட்டில் 2016-லேயே 'ஆபரேஷன் ஸ்னாப்' என்று தொடங்கினார்கள். அங்கேயும் வீடியோ போவது போலீஸுக்கு, ஊர் குரூப்புக்கு இல்லை. குரூப்பில் பரவுகிற சேதி என்ன செய்யும் என்று நம்ம மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2022 ஜூலை 17-ல் கனியாமூர் பள்ளிக் கலவரத்தில் பார்த்தோம். நீ போட்ட வீடியோவில் நம்பர் தெரிகிற வண்டியை ஓட்டியது யாரோ, ஆத்திரத்தில் நாலு பேர் போய் அடிப்பது யாரையோ.

11. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம்.
கார்டை எடுத்து ஒரு கிளிப் ஓட்டிப் பார். தேதியைப் பார். லென்ஸைத் துடை. மவுன்ட் ஸ்க்ரூவைத் திருகு, நம்ம ரோட்டுக் குழிக்கு அது வாரம் ஒரு தடவை லூசாகும். வேண்டாததை அழித்துவிடு. பக்கத்து வீட்டுக்காரர் எப்போது வந்தார், போனார் என்று மாதக்கணக்கில் சேர்த்து வைக்க உனக்கு அதில் வேலை இல்லை. சிவப்பு லைட்டின் பேட்டரியையும் அப்போதே பார்த்துவிடு.