பெல்ட்டுக்குப் பணம் கட்டும் முன் சான்றிதழைக் கேளுங்கள்

காரைக்குடியில் பிள்ளையை டேக்வாண்டோவில் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பீஸ் எவ்வளவு, எத்தனை மணிக்கு வகுப்பு என்பதெல்லாம் அப்புறம் கேட்கலாம். "கறுப்பு பெல்ட் சான்றிதழ் குக்கிவோனிலிருந்து வருமா மாஸ்டர்?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் என் மகள் ஒரே கறுப்பு பெல்ட்டுக்கு இரண்டு தடவை உழைத்தாள்.

குக்கிவோன் என்பது 1972இல் கொரியத் தலைநகர் சியோலில் கட்டப்பட்ட டேக்வாண்டோ தலைமையகம். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு வரை உங்கள் ஊர் மாஸ்டரே தேர்வு வைத்து பெல்ட் கொடுத்துவிடலாம். கறுப்பு அப்படியில்லை. 15 வயதுக்குள் இருந்தால் 'பூம்', அதற்கு மேல் 'டான்' என்று தரம் போட்டு, குக்கிவோன் எண்ணிட்ட சான்று அனுப்பும். அந்தச் சான்று உண்மையா என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக ஆனதே, அந்த டேக்வாண்டோவின் சர்வதேசப் போட்டிகளில் இறங்க இந்தச் சான்றைக் கேட்பார்கள்.

எங்களுக்குக் கிடைத்த தாளில் தங்க எழுத்து இருந்தது, சிவப்பு முத்திரை இருந்தது, 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லும் இருந்தது. குக்கிவோன் பெயர் மட்டும் எங்கும் இல்லை. தேர்வுக் கட்டணம் தனி, சான்றிதழ் கட்டணம் தனி, கொரியாவிலிருந்து வர வேண்டும் என்று தபால் செலவு தனி. எல்லாவற்றையும் நம்பிக் கட்டினோம். மதுரையில் போட்டிக்குத் தயார் செய்யும் வேறொரு மாஸ்டரிடம் மகளைக் கூட்டிப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் தாளை ஒரு தரம் பார்த்தார். "பாப்பா நல்லா உதைக்குது. ஆனா இந்தச் சான்று எங்கேயும் செல்லாதும்மா. சிவப்பிலேருந்து திரும்ப வரணும்" என்றார். அன்று மதுரையிலிருந்து வீடு வரும்வரை அவள் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினான்கு வயதுப் பெண், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி சிவப்பு பெல்ட் கட்டி வரிசையில் நின்றாள். அதை நான் மறக்க மாட்டேன்.

பழைய மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். "பிள்ளைக்கு வித்தை வந்துச்சா இல்லையா, அதைப் பாருங்க மேடம்" என்றார். வித்தை வந்தது அவள் உழைப்பால். நான் பணம் கட்டியது சான்றிதழுக்கு.

இன்னொன்றையும் விசாரியுங்கள். டேக்வாண்டோவில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று ஒலிம்பிக் வழி. அதில் பிள்ளைகள் கற்கும் பூம்சே, அதாவது அசைவுத் தொடர், 'தேகுக்' வரிசை, மொத்தம் எட்டு. மற்றது சோய் ஹோங் ஹி 1966இல் தொடங்கிய ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) வழி. அங்கே 'சோன் ஜி' என்ற தொடரில் ஆரம்பிப்பார்கள். இரண்டும் நல்ல வழிதான். ஆனால் போட்டி வேறு, சான்று வேறு. எந்த வழி என்று தெரியாமல் வருடக்கணக்கில் பழகக் கூடாது.

டோபோக் என்ற சீருடை, தலைக்கவசம், மார்புக்கவசம், முழங்கால் கீழ்க்காப்பு, பல்காப்பு இதெல்லாம் மாஸ்டரே சொல்வார், வாங்கிவிடலாம். தரையை மட்டும் நீங்களே போய்ப் பாருங்கள். நம் பக்கம் பழைய வீட்டுப் பட்டாலையிலும் கல்யாண மண்டபத்திலும் வகுப்பு நடத்துகிறார்கள். பக்கவாட்டில் வளைத்து உதைக்கும் 'தோல்யோ சாகி'க்கு ஊன்றிய பாதம் திரும்ப வேண்டும். ஆத்தங்குடிக் கல்லில் அது வழுக்கும். சொரசொரப்பான சிமென்டில் பாதம் பிடித்துக்கொண்டு முழங்கால் முறுக்கிக்கொள்ளும். மேட் விரிக்காத இடத்தில் சேர்க்காதீர்கள்.

நாற்பது தாண்டி நானும் காலை வகுப்பில் சேர்ந்தேன். பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்த்துத் தலை உயரத்துக்கு உதைக்கப் போக வேண்டாம். முதல் சில மாதம் இடுப்பு உயரம் போதும். இடுப்பும் பின்தொடையும் இளகட்டும்.

"வேலு நாச்சியார் ஆண்ட சீமையில சிலம்பம் இருக்க, கொரியாக்காரன் உதை எதுக்கு?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டார்கள். உங்களையும் கேட்பார்கள். என் மகன் சிலம்பம்தான் சுற்றுகிறான், எனக்கு அதிலும் பெருமை உண்டு. மகளுக்குக் காலில் வேகம் இருந்தது. இந்த விளையாட்டில் மார்பில் குத்தினால் ஒரு புள்ளி, உதைத்தால் இரண்டு, தலையில் உதைத்தால் மூன்று. சுழன்று உதைத்தால் இன்னும் இரண்டு சேரும். அவளுக்கு ஏற்றதை அவள் எடுத்தாள். பெண் பிள்ளை காலைத் தூக்கலாமா என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது அவள் பெயர் குக்கிவோன் பதிவில் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் ஊரில் பலர் வாய் திறந்து கேட்காமல் இருப்பதற்குக் காரணம் தயக்கம். மாஸ்டரைக் கேள்வி கேட்டால் குருவை அவமதித்ததாகிவிடுமோ என்ற பயம். கேளுங்கள். அவரிடம் பழகிய மூத்த மாணவர்களின் குக்கிவோன் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், அதை இணையதளத்தில் சரிபாருங்கள், கட்டும் ஒவ்வொரு பணத்துக்கும் ரசீது வாங்குங்கள். நேர்மையான மாஸ்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். மதுரை மாஸ்டர், நான் கேட்பதற்கு முன்பே தன் சான்றை எடுத்து மேசையில் வைத்தார்.