நெம்ரூத் மலையில் விடியல்

கேள்வி: துருக்கி செல்கிறோம். நெம்ரூத் மலைச் சிலைகளைப் பார்க்க இருட்டிலேயே கிளம்பத்தான் வேண்டுமா? பகலில் போனால் போதாதா?

பதில்: இருட்டிலேயே கிளம்புங்கள். கொம்மகீன் என்ற பண்டைய அரசின் மன்னர் முதலாம் அந்தியோக்கஸ், கி.மு. முதல் நூற்றாண்டில், 2,100 மீட்டருக்கும் உயரமான அந்த உச்சியில் கல்சில்லுகளை மலைபோல் குவித்துத் தன் நினைவிடத்தை எழுப்பினார். குவியலின் இருபுறமும் மேடைகள். அவற்றில் கிரேக்க, பாரசீகத் தெய்வங்களோடு தன்னையும் சரிசமமாக உட்கார வைத்துக்கொண்டார்! உடல்கள் இருக்கையில் இருக்க, தலைகள் கீழே கிடக்கின்றன. கிழக்கு மேடையில் முதல் வெயில் நேராக அவற்றின்மேல் விழுகிறது. மன்னர் எதற்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது அப்போதுதான் விளங்கும். உச்சிவெயிலில் அதே முகங்கள் வெறும் பாறையாகத் தட்டையாகிவிடும்.

சூரியன் வந்ததும் பலர் இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் மேற்கு மேடைக்கும் போங்கள். தலைகள் அங்கேதான் அதிகம் சிதையாமல் உள்ளன. கடைசித் தூரம் நடைதான். கோடையிலும் விடியலில் குளிர் நடுக்கும், கம்பளி அவசியம். குளிர்காலத்தில் பனி பாதையை மூடிவிடும்.

இந்த மலை இருக்கும் அடியமான் மாகாணம் 2023 நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன பகுதி. அவசரமாக வந்து திரும்பாமல், ஓர் இரவாவது அங்கே தங்கிச் செலவு செய்யுங்கள்.