மனம் நோயுற்றால் யாரை நாடுவது?

ஹைதராபாத்தின் எர்ரகட்டா பகுதியில் அரசு மனநல மருத்துவமனை உள்ளது. ஒருவரைப் பைத்தியம் என்று கேலி செய்ய அந்த ஊர்ப்பெயரையே சொல்வோர் அந்நகரில் உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கத்தின் பெயருக்கும் இதே கதிதான். நோய் தீர்க்கும் இடத்தின் பெயரே வசைச்சொல்லானால், நோயுற்றவர் அங்கு செல்லத் தயங்குவது இயல்பே. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வின்படி, மனநோயாளிகளில் 70 முதல் 92 விழுக்காட்டினர் (நோய்க்கேற்ப) சிகிச்சை பெறவில்லை.

ஆன்மிக அன்பர்களுக்கு இன்னொரு தயக்கமும் உண்டு: ‘ஜபமும் தியானமும் இருக்க, சிகிச்சை எதற்கு? அது நம்பிக்கைக் குறைவு ஆகாதா?’ எலும்பு முறிந்தவர் கட்டுப் போட்டுக்கொண்டே பிரார்த்தனையும் செய்கிறார். அதனால் அவரது பக்தி குறைவதில்லை. போர்க்களத்தில் சோர்ந்த அர்ஜுனனும் தன் நிலையை மறைக்கவில்லை. உடல் நடுங்குவதையும் வில் நழுவுவதையும் வாய்விட்டுச் சொன்னான். சொன்னதால்தான் வழி பிறந்தது.

சாதாரண வருத்தத்தையும் நோயையும் எவ்வாறு பிரித்தறிவது? மூன்று கேள்விகள் உதவும்.

1. சோர்வோ பதற்றமோ இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறக்குறைய நாள்தோறும் நீடிக்கிறதா?

2. உறக்கம், உணவு, வேலை, உறவு ஆகியவை அதனால் குலைகின்றனவா?

3. உயிரை மாய்க்கும் எண்ணமோ, பிறருக்குக் கேளாத குரல்களோ வருகின்றனவா?

முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ எனில் மருத்துவரை அணுகுவது நலம். மூன்றாவதற்கு ‘ஆம்’ எனில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

பேச்சுவழி உளச்சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றே போல் பொருந்துவதன்று. மிதமான சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அது மட்டுமே பலருக்குப் போதும். கடுமையான நோய்க்கு மனநல மருத்துவர் தரும் மருந்தும் வேண்டும். தைராய்டு குறைபாடும் மனச்சோர்வு போலவே தோன்றக்கூடும். ஆகவே உடற்பரிசோதனையும் தேவை. தீவிர மனநோய் உள்ளவர் நீண்ட நேரத் தியானத்தையும் மருத்துவரைக் கேட்டே மேற்கொள்ள வேண்டும்.

உளச்சிகிச்சை என்பது வெறும் அறிவுரை அன்று. தன் எண்ணங்கள் எவ்வாறு சுழல்கின்றன என்பதை ஒருவர் தாமே கண்டு, சிறிது சிறிதாக மாற்றப் பழகும் முறை அது. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேர அளவில், சில மாதங்கள் நடைபெறும். உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டறிவது தவறன்று. பல வாரங்கள் சென்றும் பயன் தெரியாவிடில் அதை அவரிடமே சொல்லலாம். வேறொருவரை நாடவும் செய்யலாம்.

அரசு உதவியுடன் மனநலச் சிகிச்சை பெறுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

சிந்தனைக்கு: வீட்டில் ஒருவர் ‘மனசு சரியில்லை’ என்றால், நம் வாயில் முதலில் வருவது கேலியா, உபதேசமா, அல்லது ‘வா, உட்கார், சொல்’ என்ற அழைப்பா?